பல வேடம் பூணும் இயந்திரம்: ஆலன் டூரிங் சரிதம்

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லிற் பரிசல் ஏறி அறியாதார் நம் மாணவருள் மிகச் சிலரே. கன்னட மொழியிற் புகையுங் கல் என்று பொருள்படும் பெயர் தாங்கிய அவ்விடத்தில், காவிரி பாறைகளிடையே பல கிளைகளாய்ப் பிரிந்து, நீர்த்திவலை புகைபோல் மேலெழும்ப வீழ்கின்றது. அங்குக் கரையிற் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசல்களை உற்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு அடிப்புறத்தை மூடிய அவை யாவும் ஒரே முறையிற் செய்யப்பட்டவை. முறை ஒன்று, பரிசல் பல. ஒவ்வொன்றும் தன் சுமையைத் தாங்கித் தன் வழியே செல்லும். ஒன்றினுட் புகுந்த நீர் மற்றொன்றில் இருப்பாரை நனைப்பதில்லை. அம்முறையிற் பின்னிய பரிசல் ஹம்பிக்கருகே துங்கபத்திரையிலும் மிதக்கின்றது. ஆயினும் அவ்வாற்றின் பாறையும் சுழியும் அறிந்த பரிசலோட்டி ஒருவன் அங்கு வேண்டும். ஒகேனக்கல்லிற் பழகியவன் கை அங்கே முதல் நாளிலேயே செல்லாது.

கணிப்பொறிக் கூடங்களில் நாள்தோறும் நிகழ்வதும் இதுவேயாம். மாணவர் ஒருவர் கணக்கட்டவணைச் செயலி ஒன்றை மும்முறை திறக்கின்றார். ஒரு சாளரத்திற் பௌதிகச் சோதனையின் அளவுகள். மற்றொன்றில் விடுதிச் செலவு. மூன்றாவதில் விளையாட்டுப் பந்தயப் புள்ளிகள். வட்டிற் பதிந்திருக்கும் நிரல் ஒன்றே. திரையிலோ அதன் உருக்கள் மூன்று. ஒன்றில் எழுதிய எண் மற்றொன்றிற் போய்ப் புகுவதில்லை. அச்செயலியே பக்கத்து மேசையில் லினக்ஸ் இயங்குதளத்திலும், ஆசிரியர் அறையில் மேக் இயங்குதளத்திலும், நூலகத்தில் விண்டோஸிலும் ஓடுகின்றது. பழகிப்போனமையால் இதனைக் கண்டு வியப்பார் இல்லை. ஆனால் இதன் மூலத்தை ஆராயப் புகின், யாம் 1936-ம் ஆண்டிற்குச் செல்ல நேர்கின்றது. அவ்வாண்டில் உலகில் மின்னணுக் கணிப்பொறி ஒன்றேனும் இருந்ததில்லை. இல்லாத பொருளின் இயல்பை மனத்தினாற் கண்டு, ஓர் இயந்திரம் பிற இயந்திரங்களின் வடிவெல்லாம் கொள்ளக்கூடும் என்று கணித நெறியால் நாட்டியவர் ஆலன் மாதிசன் டூரிங் என்னும் ஆங்கில அறிஞர். அவருடைய சரிதத்தைச் சுருக்கமாக இங்கு எழுதப் புகுகின்றோம்.

டூரிங் குடும்பம் நம் சென்னை மாகாணத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தந்தையார் ஜூலியஸ் மாதிசன் டூரிங், இந்திய சிவில் சர்வீஸிற் சேரும்பொருட்டுச் சட்டத்தோடு தமிழ் மொழியையும் கற்று, 1896-ம் ஆண்டு இறுதிப் பரீட்சையிற் தேறிச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர். தாயார் எத்தேல் சாரா ஸ்டோனி அம்மையார் 1881-ம் ஆண்டு கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். அம்மையாரின் தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளராய் விளங்கித் துங்கபத்திரைமேற் பாலம் அமைத்தவர். ஓசையின்றி இழுபடும் பங்கா உருளை ஒன்றையும் கண்டுபிடித்து உரிமைப் பதிவு செய்தவர். பேரப்பிள்ளைக்கு இயந்திரங்களின்மேல் இருந்த ஆசை வழிவழி வந்ததெனக் கூற இடமுண்டு. ஜூலியஸும் எத்தேலும் 1907-ம் ஆண்டு விடுமுறைக்குச் செல்லும் கப்பலிற் சந்தித்து, அவ்வாண்டே டப்ளினில் மணம் புரிந்தனர். மூத்த மகன் ஜான் 1908-ல் நீலகிரியில் உள்ள குன்னூரிற் பிறந்தார். பின்னர்த் தந்தையார் மாகாணத்தின் வடகோடியில், இப்போது ஒடிசாவைச் சேர்ந்த சத்ரபூரில் அலுவல் பார்த்தபோது அம்மையார் மறுபடியும் கருவுற்றுச் சீமைக்குச் செல்ல, 1912-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி லண்டன் மாநகரில் ஆலன் பிறந்தார்.

குழந்தைக்கு இந்திய வெயில் ஆகாது என்று அஞ்சிய பெற்றோர், இரு பிள்ளைகளையும் ஹேஸ்டிங்ஸ் அருகே ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் இல்லத்தில் விட்டு, 1913-ல் தந்தை முன்னும் தாய் பின்னுமாக இந்தியா திரும்பினர். அக்காலத்து ஆங்கில அதிகாரிகளின் பிள்ளைகள் பலர்க்கு வாய்த்த வாழ்க்கை இதுவே. தாயைக் கண்டும் காணாமலும் வளர்ந்தமையால் அவர் தனிமையிற் பழகியவரானார் என்று சரித்திரக்காரர் கூறுவர். அது முழுமையும் உண்மையோ அன்றோ, எண்களோடும் பூக்களோடும் தாமே பேசிக்கொள்ளும் இயல்பு அவரிடம் சிறுவயதிலேயே இருந்தது.

1926-ம் ஆண்டு மே மாதம் ஷெர்போர்ன் பள்ளியில் சேர அவர் கப்பலில் சவுதாம்ப்டன் வந்திறங்கினார். அன்று நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சிறிதும் கலங்காது தன் சைக்கிளில் ஏறி, வழியில் ஓரிரவு விடுதியில் தங்கி, 60 மைல் கடந்து பள்ளி வாயிலில் வந்து நின்றான். பள்ளியோ இலத்தீனுக்கும் ஆட்டத்துக்கும் கொடுத்த மதிப்பை விஞ்ஞானத்துக்குக் கொடாதது. ஆங்கு அவருக்குக் கிடைத்த ஒரே துணைவர் கிறிஸ்டபர் மார்கம் என்னும் மூத்த மாணவர். இருவரும் வான நூலும் இரசாயனமும் பேசி மகிழ்ந்தனர். 1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மார்கம் காச நோயால் மாண்டார். அத்துயரம் டூரிங்கை நெடுங்காலம் விட்டகலவில்லை. உடலாகிய இயந்திரம் நின்றபின் மனம் எங்கே போகின்றது என்ற வினா அப்பொழுதுதான் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. அவ்வினாவின் கிளைகளே பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளுட் பல என்பது எம் துணிபு.

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1935-ல், இருபத்திரண்டாம் வயதில், அக்கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியர் நடத்திய வகுப்பிலே ஒரு பெரிய வினா அவர் செவிக்கு எட்டிற்று. ஜெர்மானியப் பேரறிஞர் டேவிட் ஹில்பர்ட் 1928-ல் எழுப்பியது அது: எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவத்தக்கதா அன்றா என்று இயந்திரம்போற் தவறாது தீர்மானிக்கும் பொதுமுறை ஒன்று உண்டா?

டூரிங் நெடுந்தூரம் ஓடும் பழக்கமுடையவர். ஒருநாள் ஓட்டத்தின் நடுவே கிராண்ட்செஸ்டர் புல்வெளியிற் படுத்திருந்தபோது விடை தோன்றிற்று என்பர். இயந்திரம்போல் என்று யாவரும் கூறுகின்றனரே, இயந்திரம் என்பது யாது என்று அவர் முதலில் வினவினார். அக்காலத்திற் கணிப்பவர் என்றாற் பொருளன்று, சம்பளத்துக்குக் கணக்குப் போடும் மனிதர். அவர் செய்வதென்ன? கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை நோக்குகின்றார். அதிலுள்ள குறியையும் தம் மனநிலையையும் கொண்டு, வேறு குறி எழுதுகின்றார் அல்லது அழிக்கின்றார். பின் அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றார். டூரிங் தாளை ஒற்றைக்கட்ட நாடாவாக்கினார். மனநிலையை ஒரு சிறு கட்டளை அட்டவணையாக்கினார். அவ்வளவே அவருடைய இயந்திரம். இரும்பும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இதுவரை சென்றதே பெருஞ் செயல். ஆனால் அடுத்த அடியே உலகை மாற்றிற்று. ஓர் இயந்திரத்தின் அட்டவணை என்பது என்ன? சில குறிகளின் தொடரே. குறிகளாயின் அவற்றை நாடாவிலும் எழுதலாம் அன்றோ? ஆகவே, பிற இயந்திரத்தின் அட்டவணையை நாடாவிற் கண்டு, அவ்வியந்திரம் செய்வதை அப்படியே தான் செய்து காட்டும் ஒரு பொது இயந்திரம் அமையக்கூடும் என்று அவர் நிறுவினார். தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். கூத்தர் ஒருவரே முதல் இரவிற் துரியோதனனாகவும் அடுத்த இரவில் அருச்சுனனாகவும் ஆடுகின்றார். உடம்பு மாறுவதில்லை, பாடம் மாறுகின்றது. அதற்குமுன் உலகில் நெய்வதற்கு ஒரு பொறி, அச்சிடுவதற்கு ஒரு பொறி, கூட்டுவதற்கு ஒரு பொறி எனத் தொழிலுக்கொன்றாகவே இருந்தன. ஒரு பொறியே எல்லாமாகும் என்ற எண்ணம் டூரிங்குடையது.

இந்த ஆராய்ச்சியுரை 1936-ம் ஆண்டின் இறுதியில் லண்டன் கணித சங்கத்தின் இதழில் வெளிவரத் தொடங்கிற்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்த அலான்சோ சர்ச் வேறு வழியால் அம்முடிவையே சற்று முன்னர் எய்தியிருந்தார். டூரிங் அவரிடமே சென்று பயின்று 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹில்பர்ட்டின் வினாவுக்கு இருவரும் கண்ட விடை, அத்தகைய பொதுமுறை இல்லை என்பதே.

இல்லை என்ற அவ்விடை நம் அன்றாட வாழ்விலும் வந்து நிற்கின்றது. செயலி ஒன்று திடீரெனத் திகைத்து நின்றுவிட, அது பதிலளிக்கவில்லை, காத்திருப்பதா நிறுத்துவதா என்று இயங்குதளம் நம்மை வினவுகின்றதை யாவரும் கண்டிருப்பர். இத்துணை வல்ல இயங்குதளம் தானே ஏன் தீர்மானிக்கக் கூடாது? செயலி நெடுங்கணக்கொன்றைச் செய்துகொண்டிருக்கின்றதா, முடிவில்லாத சுழலிற் சிக்கியதா என்று எல்லா நிரல்களுக்கும் பொருந்த முன்கூட்டி அறியும் முறை எதுவும் இருத்தல் இயலாது. டூரிங்கின் முடிவின் வழியே வந்த உண்மை இது. மென்பொருள் எழுதியவரின் சோம்பலன்று, கணிதத்தின் எல்லை.

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் போர் மூண்டது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகைக்குச் சென்று சேர்ந்தார். ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் தட்டச்சு வடிவான பொறியால் மறைத்தனுப்பினர். சுழலுருளைகளும் கம்பி இணைப்புகளும் கொண்ட அப்பொறியை அமைக்கக்கூடிய வகைகள் சுமார் 16 இலட்சம் கோடி கோடி. நாள்தோறும் அமைப்பு மாறும். இதன் உட்கட்டமைப்பை முதலில் அறிந்தவர் ஆங்கிலேயர் அல்லர். மாரியன் ரெயெவ்ஸ்கி முதலிய போலந்து நாட்டுக் கணித இளைஞர். போருக்குச் சில வாரங்கள் முன்பு அவர்கள் தம் இரகசியங்களையெல்லாம் நேச நாட்டாருக்கு மனமுவந்து அளித்தனர். இவ்வுதவியைப் பல நூல்கள் ஓரிரு வரியில் விட்டுவிடுகின்றமை எமக்கு முறையாகத் தோன்றவில்லை.

போலந்தார் வகுத்த கருவியினும் வேறான தத்துவத்தில் டூரிங் ஒரு பெரும் பொறியை வகுத்தார். அதன் பெயர் பாம். லெட்ச்வொர்த்தில் ஹெரால்டு கீன் என்னும் பொறியாளர் அதனைக் கட்டி முடிக்க, 1940-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதற்பொறி நிறுவப்பட்டது. கார்டன் வெல்ச்மன் கூட்டிய ஒரு சுற்று அதன் வேகத்தை மிகுவித்தது. இப்பொறியின் உள்ளமைப்பை இங்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் யாம் முதலிற் கூறிய மூன்று சாளரங்களின் தத்துவம் இரும்பிலும் பித்தளையிலும் வெளிப்பட்ட இடம் இதுவே. வழக்கமாகச் செய்யப்பட்ட பாம் ஒவ்வொன்றும் ஓராள் உயரத்தினும் மிக்கது. எடை சுமார் ஒரு டன். அதன் முகப்பில் வரிசை வரிசையாக 108 உருளைகள். உருளை மூன்று சேர்ந்தது ஓர் எனிக்மாவுக்கு ஒப்பு. எனவே ஒரே பேழைக்குள் 36 எனிக்மாக்கள் ஒருங்கே சுழன்றன! அமைப்பில் யாவும் ஒன்றே. ஒவ்வொன்றும் நின்ற நிலை மட்டும் வேறு. செய்தியில் இன்ன சொல் இருக்கக்கூடுமென்று ஊகித்து, அச்சொல்லின் எழுத்துக்கு ஓர் எனிக்மாவாகப் பிணைப்பர். பொறி ஓர் உருளை வரிசைக்குரிய 17,576 நிலைகளையும் சுமார் 20 நிமிஷத்தில் ஓடிச் சோதித்து, முரண்பட்டவற்றைத் தள்ளி, முரண்படாத நிலையில் நிற்கும். மிஞ்சியவற்றை மனிதர் ஆராய்வர். போர் முடிவதற்குள் இத்தகைய பொறிகள் 200-க்கு மேல் இயங்கின. அவற்றை இரவும் பகலும் இயக்கியோர் பெரும்பாலும் கடற்படை மகளிர்.

ஒரே பொறியின் பல உருக்களை ஓரிடத்தில் ஓட்டும் வேலை எளிதன்று. ஆளும் பொருளும் போதாமையால் 1941-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டூரிங்கும் தோழர் மூவரும் மேலதிகாரிகளைக் கடந்து பிரதமர் சர்ச்சிலுக்கே நேரிற் கடிதம் எழுதினர். சர்ச்சில் உடனே ஆணையிட்டு வேண்டியன கொடுக்கச் செய்தார். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களாற் பட்டினிக்கு இலக்காகவிருந்த இங்கிலாந்து பிழைத்ததில், கடற்படை எனிக்மாவை உடைத்த டூரிங்கின் எட்டாம் குடிசைக்குப் பெரும் பங்குண்டு. அக்காலத்தில் மகரந்தத் தும்மலுக்கஞ்சி விஷவாயு முகமூடி அணிந்து சைக்கிளிற் செல்வார். தேநீர்க் கோப்பையை வெப்பக் குழாயோடு சங்கிலியாற் பிணைத்து வைப்பார். ஊரார் நகைத்தனர். சங்கிலியிட்ட கோப்பை களவு போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் ஓய்ந்தபின் 1945-ல் டெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வகத்திற் சேர்ந்து, நினைவிற் பதித்த கட்டளைகளால் இயங்கும் கணிப்பொறிக்கு விரிவான திட்டம் வரைந்து 1946-ல் அளித்தார். அவ்வாண்டு அமெரிக்காவில் உலகறியச் செய்யப்பட்ட எனியாக் என்னும் பெரும் பொறிக்கு வேலை மாற்ற வேண்டுமாயின் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகல் வேண்டும். நாட்கள் பல செல்லும். டூரிங்கின் திட்டத்திலோ கம்பியைத் தொடவே வேண்டுவதில்லை. அலுவலகத் தாமதங்களால் அது விரைவில் உருப்பெறவில்லை. சிறிய வடிவமொன்று 1950-ம் ஆண்டு மே மாதத்திற்தான் இயங்கிற்று. அதற்குள் அவர் மனம் சலித்து 1948-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார். அங்கே வில்லியம்ஸ், கில்பர்ன் என்போர் அவ்வாண்டு ஜூன் 21-ந் தேதி நினைவிற் பதித்த நிரலை முதன்முதலாக ஓட்டிக் காட்டினர். பாடம் மாற வேடம் மாறும் கூத்தர் மின்சார உடம்பு எடுத்த நாள் அதுவே.

மான்செஸ்டர்ப் பொறிக்கு நிரல் எழுதுவோர் கைநூலை இயற்றியவரும் டூரிங்கே. அந்நூலைப் பயின்று 1951-ல் நீண்ட நிரலெழுதி அதனை ஓட்டியவர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி. அவரே 1959-ல், ஒரு பொறியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பல வேலைகளுக்குப் பங்கிடும் முறையைப் பற்றிப் பாரிஸ் மாநாட்டில் உரைத்தார். இன்று மூன்று சாளரங்களும் ஒருங்கே ஓடுவதுபோற் தோன்றுவது அப்பங்கீட்டினால் அமைந்த தோற்றமே. இயங்குதளம் ஒவ்வோர் உருவுக்கும் தனி நினைவிடம் வகுத்து, நொடியின் சிறு பகுதியை மாறி மாறி அளிக்கின்றது. கட்டளைத் தொகுதியை மட்டும் ஒரு படியே வைத்து மூன்றுக்கும் பொதுவாக்குகின்றது. நாடா தனித்தனி, அட்டவணை பொது. சில செயலிகள் இரண்டாம் உருவை மறுப்பதும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஒரே பயனர்க் கோப்புறையை இருவுருக்கள் பற்றிக்கொள்ள விடாது. இருவர் ஒரே ஏட்டில் ஒரே வரியை எழுதினால் ஏடு கெடும் அன்றோ? தனிக் கோப்புறை கொடுத்தாற் தடையின்றித் திறக்கும்.

இயந்திரத்தின் வேடத்தை மனிதரும் பூணக்கூடும் என்பதற்கு டூரிங்கின் வாழ்விலேயே வேடிக்கையான சான்று ஒன்றுண்டு. 1948-ல் டேவிட் சாம்பர்னௌன் என்னும் நண்பரோடு கூடிச் சதுரங்கம் ஆடும் நிரலொன்று வகுத்தார். அதனைத் தாங்கும் ஆற்றலுள்ள பொறி அன்றில்லை. 1952-ல் டூரிங் தாமே பொறியாகித் தாளும் பென்சிலும் கொண்டு, விதியிற் சிறிதும் வழுவாது கணக்கிட்டு, அலிக் கிளென்னி என்பவரோடு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் பிடித்தது. நிரல் தோற்றது. ஆயினும் நிரலுக்குத் தன்னைச் சுமப்பது வால்வோ மூளையோ என்ற வேற்றுமை இல்லை என்பது விளங்கிற்று. 1950-ல் மைண்ட் என்னும் தத்துவ இதழில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படையும் இதுவே. விடையளிப்பது மனிதரா பொறியா என்று வினவுவோர் கண்டறிய இயலாதாயின், பொறி சிந்திப்பதாகக் கொள்ளத் தடையென்ன என்று அதில் ஆராய்ந்தார். அதனினும் அவர் தெளிவாகக் காட்டியது, போதிய நினைவும் வேகமும் உள்ள ஒரு கணிப்பொறி மற்றெந்தக் கணிப்பொறியையும் நடித்துக் காட்டும், ஆதலின் வேலைக்கொரு பொறி தேவையில்லை என்பது.

இக்கருத்தின் பயனை நம் மாணவர் கையிலேயே காணலாம். 2011 முதற் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் ஓடும் செயலி மற்றொன்றில் ஓடாதது கண்டு திகைத்தார் பலர். சில்லும் ஒன்று, அதன் அடிப்படைக் கட்டளைகளும் ஒன்று, தடை எங்கே? கோப்பைத் திற, சாளரம் வரை என்று செயலி இயங்குதளத்தை வேண்டும் முறை தளத்துக்குத் தளம் வேறு. பரிசல் நல்லதே, ஆற்றை அறிந்த பரிசலோட்டி இல்லை. 1993-ல் தொடங்கிய ஒயின் என்னும் மென்பொருள் அந்த உள்ளூர்ப் பரிசலோட்டி போன்றது. விண்டோஸ் செயலியின் வேண்டுகோளை லினக்ஸ் அறியும் வண்ணம் மாற்றியுரைப்பது. இதனினும் துணிந்த முறை, ஓர் இயங்குதளத்தையே மற்றொன்றினுள் ஒரு செயலிபோல் ஓட்டுவது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-ல் வெளியிட்ட விஎம்/370 பெரும் பொறி ஒன்றைப் பல பொறிகளாகக் காட்டிற்று. ஒவ்வொரு பயனரும் முழுப்பொறியும் தமதே என்று எண்ணினர். நாடாவில் எழுதிய அட்டவணையைக் கண்டு பிறபொறியாக நடிக்கும் 1936-ன் பொது இயந்திரம் இதுவன்றி வேறில்லை.

இத்தகையவர்க்கு அவர் நாடு செய்தது என்ன? கூறவும் நாணுகின்றோம். 1952-ன் தொடக்கத்தில் அவர் வீட்டிற் களவு நிகழ, அவரே போலீசாரிடம் முறையிட்டார். விசாரணையில் அவர் மற்றோர் ஆடவரோடு கொண்டிருந்த உறவு வெளிப்பட்டது, அவரும் மறைக்கவில்லை. தன்பாலினக் காதல் அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தின்படி குற்றம். மார்ச் மாதம் 31-ந் தேதி தீர்ப்பாயிற்று. சிறை புகுவதினின்று தப்ப வேண்டுமாயின் ஓராண்டு பெண்மைச் சுரப்பு மருந்தை உடலில் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றனர்; ஏற்றார். அரசாங்க இரகசியப் பணியில் அவருக்கிருந்த அனுமதியும் பறிக்கப்பட்டது. 1947-ல் மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிஷத்தில் ஓடிய உடம்பு மருந்தினால் உருமாறிற்று. அந்நிலையிலும் அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. உயிர்களின் உடலிற் புள்ளியும் வரியும் எவ்வாறு தோன்றுகின்றன என்று இரசாயன நெறியால் விளக்கிய உரை அவ்வாண்டே வெளிவந்தது. சூரியகாந்திப் பூவின் விதை வரிசைகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி வில்ம்ஸ்லோவிலுள்ள தம் இல்லத்தில் சயனைடு நஞ்சினால் இறந்தார். மறுநாள் வேலைக்காரப் பெண்மணி கண்டார். அருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என்று விசாரணை முடிந்தது. இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்தே என்று தாயார் இறுதிவரை சாதித்தார். வயது நாற்பத்தொன்று. ஒரு நிரல் நின்றால் மறுபடி திறக்கலாம்; இவருக்கு மறுபடி இல்லை.

ஆங்கில அரசு 2009-ல் பிரதமர் வாயிலாக மன்னிப்புக் கோரிற்று. 2013-ம் ஆண்டு டிசம்பரில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். மன்னிக்கத்தக்க குற்றம் எதுவும் அவர் செய்யவில்லையென்றே யாம் கருதுகின்றோம். அதே ஆங்கிலச் சட்ட மரபிற் பிறந்த 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு, அவர் தந்தையார் நீதி செலுத்திய இந்நாட்டிலும் நெடுங்காலம் நிலவிற்று. வயது வந்தோர் மனமொத்த உறவுக்கு அது பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் 50 பவுன் நோட்டில் அவர் உருவம் 2021 முதற் பொறிக்கப்படுகின்றது.

கணிப்பொறி இயலில் நோபல் பரிசுக்கு நிகராக மதிக்கப்படும் விருது 1966 முதல் டூரிங் பெயரால் வழங்கப்படுகின்றது. பழைய சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் காட்டூர் என்னுஞ் சிற்றூரிற் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியிற் பயின்ற ராஜ் ரெட்டி அவர்கள் 1994-ல் அதனைப் பெற்றார்; ஆசியரில் முதல்வர் அவர்.

போத்தனூரிற் பிறந்த அன்னையார் மகனுக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மகனுடைய கடிதங்களையும் பள்ளி அறிக்கைகளையும் சேர்த்து, 1959-ல் அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலில் போர்க்கால ஆண்டுகளுக்குரிய பகுதி மிக மெலிந்தது. பிளெட்ச்லியில் நடந்தது எதுவும் வெளியே பேசப்படலாகாது என்ற தடை அன்றும் நீங்கவில்லை. 1974-ல் அந்த இரகசியம் உலகுக்கு வெளிப்படத் தொடங்கிற்று. அம்மையார் 1976-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொண்ணூற்று நான்காம் வயதிற் காலமானார்.